நீந்தக் கற்றல்

நாய்க்குட்டி ஒன்று தவறிக் குளத்தில் விழுந்தால், அது யாரிடமும் பாடம் கேளாமலே நான்கு கால்களையும் அசைத்துக் கரை சேர்ந்துவிடும். கன்றும் ஆட்டுக்குட்டியும் அவ்வாறே பிழைத்துக்கொள்ளும். ஆனால், ஆறறிவு படைத்த மனிதனின் குழந்தையோ, பிறர் கற்பித்தாலன்றி நீந்த அறியாது. மொழியை முன்னோரிடமிருந்து பெறுவது போலவே நீச்சலையும் முன்னோரிடமிருந்தே நாம் பெறவேண்டும். ஆதலின், குழந்தைக்கு முதன்முதலாக நீச்சல் கற்பித்தல், எழுத்தறிவித்தலுக்கு ஒப்பானதொரு கடமையாகும்.

சிவகங்கை மாவட்டத்தில் உள்ள செட்டிநாட்டு ஊர்களுள் ஒன்று கண்டரமாணிக்கம். அப்பகுதியில் வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெய்யும் மழையே ஆண்டு முழுவதற்கும் ஆதாரம். அம்மழைநீரைத் தேக்கிவைப்பதற்காகவே அந்நாட்டு மக்கள் ஊர்தோறும் ஊருணிகளை அகழ்ந்தனர். வரத்துக்கால் வழியாக நீர் உள்ளே வரும். மிகுந்த நீர் மறுபுறமாக வெளியேறும். கரையில் செம்பாறாங்கல்லால் படித்துறை கட்டியிருப்பர். ஊரார் உண்ணும் நீரையுடையது ஆதலின் ஊருணி எனப் பெயர் பெற்றது. அறிவுடையான் பெற்ற செல்வத்துக்கு ஊருணியையே திருவள்ளுவர் உவமையாகக் காட்டினார். குடிநீர் ஊருணியில் கால் நனைப்பதும் குற்றம் என்பது ஊர்க் கட்டுப்பாடு. குளிப்பதற்கென வேறு நீர்நிலை உண்டு. குழந்தைகள் நீந்தப் பழகியது அக்குளங்களிலும், தோட்டத்துக் கமலைக் கிணறுகளிலுமே ஆகும்.

தமிழர்க்கு நீர் விளையாட்டு புதியதன்று. புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் முதிய புலவர் ஒருவர் தம் இளமையை எண்ணி இரங்குகிறார். நீர்த்துறையில் தாழ்ந்திருந்த மருதமரக் கிளையின்மீது ஏறி, கரையில் நின்றோர் வியக்க ஆழமான மடுவில் குதித்து, அடிமணலை அள்ளிக்கொண்டு மேலே வந்த நாள்கள் எங்கே போயின என்று அவர் வினவுகிறார். கோலூன்றித் தளர்ந்து நடக்கும் பருவத்திலும் அவர் மறவாதிருந்தது அந்த நீச்சலையே அன்றோ?

இனி, கற்பிக்கும் முறையைக் காண்போம்.

ஆறு வயது நிரம்பிய சிறுவன் ஒருவனை அவன் பாட்டனார் படித்துறைக்கு அழைத்துச் செல்கிறார் என்று கொள்வோம். பாட்டனாரை 'ஐயா' என்று அழைப்பது செட்டிநாட்டு வழக்கம். அவர் முதல் நாளிலேயே சிறுவனை ஆழத்துக்குக் கொண்டுபோவதில்லை. இரண்டாம் படியில் அமரச் செய்து, முகத்தை நீரில் நனைக்கச் சொல்வார். பின்னர் வாயால் மூச்சை இழுத்து, முகத்தை நீருள் வைத்து, மூச்சை மெல்ல வெளியே விடச் சொல்வார். நீர்க்குமிழிகள் எழுவதைக் கண்டு சிறுவன் சிரிப்பான். அச்சிரிப்பு எழும்போதே பாதி அச்சம் நீங்கிவிடும். மூச்சை அடக்கவும் விடவும் அறிந்தவனுக்கே நீர் வசப்படும்.

அடுத்தது, படியின் விளிம்பை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, உடலை நீட்டிக் கால்களை மாறி மாறி அடித்தல். அது பழகியபின், பாட்டனார் மார்பளவு நீரில் நின்றுகொண்டு, தம் இரு கைகளையும் ஏந்தி, அவற்றின்மீது சிறுவனை மல்லாந்து படுக்கச் செய்வார்.

"ஐயா, கையை எடுத்துவிடாதீர்கள்!" என்று சிறுவன் கூவுவான்.

"எடுக்கமாட்டேன், தம்பி. நீ வானத்தைப் பார். காது நனையட்டும், வயிற்றை உள்ளே இழுக்காதே. உடம்பை விறைக்காமல் விடு" என்பார் அவர்.

சொன்ன சொல்லைக் காப்பது கற்பிப்போரின் முதற்கடமை. எடுக்கமாட்டேன் என்று கூறிவிட்டு ஏமாற்றிக் கையை எடுத்தால், நீரின்மீதுள்ள அச்சத்தோடு மனிதர்மீதுள்ள ஐயமும் சேர்ந்துகொள்ளும். ஆதலின், "இப்போது ஒரு கையை எடுக்கிறேன், இன்னொரு கை இருக்கிறது" என்று சொல்லிவிட்டே அவர் எடுப்பார். சில நாள்களில், ஒரு விரல் மட்டுமே முதுகைத் தாங்கி நிற்கும். பின்பு ஒருநாள் சிறுவனே, "ஐயா, விரலையும் எடுங்கள்" என்று சொல்வான். அன்றுதான் அவன் நீந்தக் கற்கத் தொடங்கினான் எனலாம்.

உடல் நீரில் மிதப்பது எவ்வாறு? ஏறத்தாழ 2200 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ் என்னும் கிரேக்க அறிஞர் இதற்கு விடை கண்டார். நீரில் அமிழும் பொருள் எவ்வளவு நீரை விலக்குகிறதோ, அவ்வளவு நீரின் எடைக்குச் சமமான விசை அப்பொருளை மேல்நோக்கித் தள்ளும். நுரையீரலில் காற்று நிறைந்திருக்கும்போது, மனித உடல் தன் பருமனுள்ள நீரைவிடச் சிறிதளவே எடை குறைந்ததாக இருக்கும். அதனால் உடலின் மிகச் சிறு பகுதி மட்டுமே நீருக்கு மேல் நிற்க இயலும். அச்சம் கொண்டவன் கைகளை மேலே உயர்த்துகிறான். உயர்த்திய கைகளை நீர் தாங்காது. அவற்றின் எடை தலையை அமிழ்த்திவிடும். கைகளை நீருக்குள்ளேயே விரித்து, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கும் வாயும் மட்டும் வெளியே இருக்குமாறு கிடப்பவன் எளிதில் மிதப்பான். உயர எழ முயல்பவன் தாழ்வான். அடங்கிக் கிடப்பவன் மிதப்பான். நீர் கற்பிக்கும் இப்பாடம் நிலத்திலும் பயன்படுவதே.

மிதக்கப் பழகியவனுக்குத் துணையாக மிதவை ஒன்றை முதுகில் கட்டுவர். நன்கு முற்றி உலர்ந்த சுரைக்குடுக்கை, கல்யாண முருங்கைக் கட்டை ஆகியவை முற்காலத்து மிதவைகள். பெண்மக்கள் வெறுங்குடத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நீந்தப் பழகினர். கிணற்றில் பழக்குவோர் இடுப்பில் கயிறு கட்டி, அதன் மறுமுனையைப் படியில் நின்று பற்றிக்கொள்வர். பிற்காலத்தில் டிராக்டர் டியூபும், மூடியிட்ட வெற்றுக் கேனும் அவ்விடத்தைப் பெற்றன. மிதவை எதுவாயினும் அது பழகும்வரைக்குமே உரியது. அது நழுவினால் என் செய்வது என்று அறியாதவன் அதனை நம்பி ஆழத்துக்குச் செல்லலாகாது.

நாய்நீச்சலே முதலில் வரும். பின்னர் மல்லாந்த நீச்சல், முங்குநீச்சல் எனச் சிறுவர் ஒவ்வொன்றாகக் கற்பர். "எனக்குக் கடப்பாரை நீச்சல் நன்றாக வரும்" என்று ஒருவன் கூறினால், அவனுக்கு நீந்தவே தெரியாது என்பது பொருள். நீரில் இட்ட கடப்பாரை நேரே அடியில் சென்று நிற்குமன்றோ?

பிற நாடுகளிலும் இத்தகைய கல்வி உண்டு. நார்வே முதலிய பனிநாடுகளில் சிறு குழந்தைகளுக்குப் பனிச்சறுக்குக் கற்பிக்கின்றனர். அந்நாட்டு மக்கள் காலில் சறுக்குக் கட்டையோடே பிறக்கிறார்கள் என்று வேடிக்கையாகக் கூறுவதுண்டு. அங்கும் குழந்தையை மலைச்சரிவின் உச்சிக்கு முதலிலேயே அழைத்துச் செல்வதில்லை. சமமான பனித்தரையில் நடக்கவும், வலியின்றி விழவும், விழுந்தபின் எழவும், கட்டைகளின் முன்முனைகளை நெருக்கிவைத்து நிற்கவும் பழக்கிய பின்னரே சிறு சரிவில் விடுகின்றனர். நீரானாலும் பனியானாலும் விதி ஒன்றே. விரைந்து செல்லக் கற்குமுன் நிற்கக் கற்கவேண்டும். நீந்திச் செல்லக் கற்குமுன் மிதக்கக் கற்கவேண்டும்.

குழந்தையைத் திடீரென்று தூக்கிக் கிணற்றில் எறிந்தால் தானே நீந்தக் கற்றுக்கொள்ளும் என்று சிலர் கருதுவர். அது தவறு. எதிர்பாராமல் நீரில் விழும் குழந்தை திகைத்து, மூச்சோடு நீரையும் இழுத்துவிடும். அவ்வாறு கற்றுக்கொண்ட சிலரையே நாம் காண்கிறோம். அஞ்சி, வாழ்நாள் முழுவதும் நீரை வெறுத்தோரை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

நீரில் மூழ்குவோர் கைகளை வீசிக் கூக்குரலிடுவர் என்பதும் பிழையான எண்ணமே. மூழ்குபவரின் வாய் நீருக்கு மேலும் கீழுமாகச் சென்று வருவதால், மூச்சு வாங்கவே பொழுது போதாது, கூவுவது எங்ஙனம்? பல குழந்தைகள் ஓசையின்றியே மூழ்கிவிடுகின்றனர். அருகில் நிற்போர் விளையாட்டு என்று எண்ணிவிடுகின்றனர். ஆதலின் குழந்தைகள் நீரில் இருக்கும்போது, பெரியவர் ஒருவர் வேறு பணி எதுவுமின்றி அவர்களையே கண்காணித்தல் வேண்டும்.

மற்றொன்றும் நினைவில் நிற்கத்தக்கது. மூழ்குபவனைக் காக்க எண்ணிக் குதித்த தோழனும் உடன் மூழ்குவதை நாளிதழ்களில் அடிக்கடி காண்கிறோம். மூழ்குபவன் கையில் அகப்பட்டதை இறுகப் பற்றுவான். காக்கச் சென்றவனின் கழுத்தாயினும் விடான். ஆகையால் சிறுவர்கள் நீரில் குதித்தலாகாது. உரக்கக் குரல் கொடுத்துப் பெரியவர்களை அழைக்கவேண்டும். கரையில் படுத்தவாறு வேட்டி, சேலை, கயிறு, மரக்கிளை ஆகியவற்றுள் ஒன்றை நீட்டவேண்டும். அல்லது வெற்றுக்குடத்தையோ கேனையோ அவனருகில் எறியவேண்டும்.

இவை சிறு செய்திகள் அல்ல. 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். இதனை உணர்ந்தே ஐக்கிய நாடுகள் சபை 2021இல், ஆண்டுதோறும் ஜூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. வங்காளதேசத்துச் சிற்றூர்களில், குளத்தினுள் மூங்கிலால் மேடை அமைத்துக் குழந்தைகளுக்கு நீச்சல் கற்பிக்கின்றனர். 25 மீட்டர் தூரம் நீந்துதல், 30 வினாடி மிதத்தல், கரையிலிருந்தே பிறரைக் காத்தல் ஆகிய மூன்றும் அறிந்தவரே அங்குத் தேர்ச்சி பெற்றவர் ஆவர். பெருஞ்செலவின்றி ஊர்க்குளமே பள்ளியாவதை இது காட்டுகிறது.

நன்கு கற்றவர் எட்டும் உயரத்துக்கும் எல்லை இல்லை. 1966இல் மிகிர் சென் என்னும் இந்தியர் இலங்கைக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். ஈரோட்டிற் பிறந்த குற்றாலீஸ்வரன் 1994இல், பதின்மூன்று வயது நிரம்புமுன்பே, ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்து புகழ் பெற்றார். அவர்களும் ஒருநாள் முதன்முதலாக நீரைக் கண்டு அஞ்சி நின்றவர்களாகவே இருந்திருப்பர்.

இந்நாளில் பல கிணறுகள் வற்றிவிட்டன. பல ஊருணிகளில் மண் மேடிட்டுவிட்டது. நீர் இல்லாத ஆண்டுகளில் நீந்தக் கற்பிக்க வழியில்லை. நல்ல மழை பெய்து நீர் நிறைந்த ஆண்டிலோ, நீந்த அறியாத சிறுவர் ஆசையோடு ஓடிவந்து இறங்குகின்றனர். மண் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் மறைந்து கிடப்பதை அவர்கள் அறியார். முழங்காலளவு நீரில் நின்றவன் அடுத்த அடியில் ஆளுயர ஆழத்தில் அமிழ்கிறான். முன்னோர் படியமைத்துச் சீராக அகழ்ந்த ஊருணி தாயின் மடி போன்றது. முறையின்றி வெட்டிய பள்ளமோ யானை பிடிக்கும் குழி போன்றது.

ஆதலின் ஊருணியைத் தூர்வாரிக் காப்பதும், அதில் ஊர்க்குழந்தைகளுக்கு நீச்சல் கற்பிப்பதும் ஒரே அறத்தின் இரு பகுதிகள் எனலாம். ஆணாயினும் பெண்ணாயினும் ஒவ்வொரு குழந்தையும் மிதக்கவும் நீந்தவும் கற்றல் வேண்டும். கற்றவர் தம் தம்பி தங்கையர்க்குப் பெரியோர் முன்னிலையில் கற்பித்தல் வேண்டும். பாட்டனார் பேரனுக்குக் கற்பித்தது, அப்பேரன் பாட்டனாகும் நாளில் மீண்டும் அதே படித்துறையில் தொடருமாயின், நீரால் வரும் துன்பம் குறையும்; ஊரும் வாழும்.