வால்யூம் திருகினால் கரகரப்பா?

கம்ப்யூட்டரின் லைன் அவுட்டை 1970களின் பயனியர், மராண்ட்ஸ் ரிசீவரோடு இணைத்துப் பாட்டுக் கேட்கிறீர்களா? நானும் அப்படித்தான். ரிசீவரின் வால்யூம் குமிழைத் திருகும்போது மட்டும் கரகரத்தால் சவுண்ட் கார்டைச் சந்தேகிக்காதீர்கள். புதுக் கார்டு போட்டாலும் போகாது. குமிழுக்குப் பின்னால் உள்ள பொட்டன்ஷியோமீட்டரில் கார்பன் தடத்தின் மேல் ஓர் உலோக முனை உரசிச் செல்கிறது. இடையில் அழுக்குப் படிந்தால் தொடர்பு விட்டுவிட்டு வரும்.

பிளக்கைப் பிடுங்கி, சில மணி நேரம் கழித்தே மூடியைக் கழற்றுங்கள். பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கலாம், தொடாதீர்கள். பிளாஸ்டிக்கைப் பாதிக்காத கான்டாக்ட் கிளீனரைப் பொட்டன்ஷியோமீட்டரின் இடுக்கில் சிறிது அடித்து, குமிழை 30 முறை முழுதாகத் திருகுங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே கூடாது, தூசியை ஒட்டவைக்கும். நன்றாக உலர்ந்த பிறகு ஆன் செய்யுங்கள். திருகாமலேயே கரகரத்தால் கோளாறு வேறிடம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.