‘கரன்ட் வேணுமா, நெல் வேணுமா?’ நெய்வேலி விவாதத்தில் லாஜிக் எங்கே இடறியது?

2023 ஜூலை கடைசி வாரம். பச்சை நெல் வயலில் பொக்லைன்கள் இறங்கிய அந்த வீடியோவை மறந்திருக்க மாட்டீர்கள். இடம், நெய்வேலியை ஒட்டிய வளையமாதேவி. இரண்டாவது சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிட என்.எல்.சி அங்கே கால்வாய் வெட்டியது. 28-ம் தேதி பாமக நடத்திய முற்றுகைப் போராட்டம் கல்வீச்சு, கண்ணீர்ப்புகை, வானத்தை நோக்கித் துப்பாக்கிச்சூடு வரை போனது.

உடனே கிளம்பிய கேள்வி, “கரன்ட் வேணுமா, நெல் வேணுமா?” கேட்க நறுக்கென்று இருக்கும். ஆனால் இருப்பது இரண்டே வழிதான் என்று நம்மை நம்பவைக்கிற பொய்யான கேள்வி இது. அறுவடை வரை பொறுத்தால் என்ன என்ற மூன்றாவது வழி அதில் காணாமல் போகிறது.

“போராடுறது கட்சிக்காரங்க, எல்லாம் ஓட்டுக்குத்தான்” என்பது இன்னொன்று. சொல்பவர் யார் என்பதை வைத்து, சொன்ன விஷயத்தையே தள்ளிவிடுவது. ஓட்டுக்காகவே வந்திருக்கட்டும், அதனால் நசுங்கிய பயிர் நசுங்காததாகிவிடுமா?

எதிர்த்தரப்பிலும் ஒன்று உண்டு. “என்.எல்.சி வந்த பிறகுதான் தண்ணி இறங்குச்சு, அப்போ காரணம் என்.எல்.சி-தான்.” ஒன்றுக்குப் பின் இன்னொன்று நடந்ததாலேயே முதலாவது காரணமாகிவிடாது, காக்கை உட்கார பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் நெய்வேலியில் இதை அப்படியே ஒதுக்கிவிடவும் முடியாது. பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீர் இருக்கிறது. இறைக்காமல் விட்டால் சுரங்கத்தின் அடித்தளத்தையே பிளந்துகொண்டு வரும். அதனால் இரவும் பகலும் இறைக்கிறார்கள். இது காலவரிசை மட்டுமல்ல, காரணமும் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்காகச் சுற்றுவட்டாரம் முழுக்க இறங்கிய ஒவ்வோர் அடிக்கும் சுரங்கமே பொறுப்பு என்றால், விவசாய போர்வெல்களின் பங்கு எங்கே போகும்? (சத்தியமாக, நானும் அப்போது இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஃபார்வர்டு மட்டும் செய்தேன்.)

என்.எல்.சி சொன்ன வாதம்தான் இருப்பதில் வலுவானது. ‘நிலம் எப்போதோ கையகப்படுத்தப்பட்டது, பயிர் வைக்க வேண்டாம் என்று முன்பே சொன்னோம்.’ சரி, நிலம் அவர்களுடையது. அதிலிருந்து, நிற்கும் பயிர்மேல் இயந்திரம் ஏற்றலாம் என்ற முடிவு எப்படி வரும்? இடையில் ஒரு படி இல்லை.

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நிலம் என்.எல்.சி-க்குத்தான் போகும், ஆனாலும் சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். மிச்சம் நின்ற பயிரை அறுத்துக்கொண்டு, செப்டம்பர் 15-க்குள் நிலத்தை ஒப்படைக்கும்படி விவசாயிகளிடம் சொன்னது.