உடம்புக்குள் ஒரு தறி!

ஆரணி என்றதும் என்ன நினைவுக்கு வரும் குட்டீஸ்? பட்டுச் சேலைதானே! அந்தச் சேலையில் மயிலும் மாங்காயும் எப்படி வருகின்றன தெரியுமா? தறிக்கு மேலே துளையிட்ட ஜக்கார்டு அட்டைகள் தொங்கும். எந்த டிசைன் விழ வேண்டும் என்பதை அந்தத் துளைகள்தான் முடிவு செய்கின்றன. சேலை விற்றுப் போனாலும், அட்டை இருந்தால் அதே டிசைனை மறுபடியும் சீக்கிரம் நெய்துவிடலாம்.

நம் உடம்பிலும் இப்படி ஒரு தறி ஓடுகிறது!

கொரோனா கிருமியின் மேல் முட்கள் உண்டு. கிருமி உள்ளே நுழைந்ததும், 'பி' செல்கள் என்னும் வெள்ளையணுக்கள் அந்த முள்ளைக் கவ்விப் பிடிக்க, கவட்டை வடிவில் ஒரு புரதத்தைத் தயாரிக்கின்றன. அதுதான் 'ஆன்டிபாடி'. முதல் தடவை இது போதிய அளவு உருவாக, ஒன்றிரண்டு வாரம் ஆகிவிடும்.

நோய் போன பிறகும் ஆன்டிபாடி ரத்தத்தில் சில மாதங்கள் இருக்கும். ஆகவே, காய்ச்சலே வராதவருக்கும் கிருமி வந்து போனதை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் 70 மாவட்டங்களில் இப்படித் தேடியது. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, அப்புறம் ஆரணி இருக்கும் திருவண்ணாமலை மாவட்டம்!

2020 மே, ஜூன் மாதங்களில் நாட்டில் 100 பெரியவர்களில் ஒருவருக்குக்கூட ஆன்டிபாடி இல்லை. 2021 ஜூன், ஜூலையில் நடந்த நான்காவது ஆய்விலோ 100 பேரில் சுமார் 67 பேருக்கு இருந்தது. நோயாலும் தடுப்பூசியாலும் வந்தது அது. அந்த ஆய்வில் 6 வயதுக் குழந்தைகளும் ரத்தம் கொடுத்தார்கள். பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் ஆன்டிபாடி இருந்தது!

நாளாக ஆக ஆன்டிபாடி குறையும். அப்படியானால் பாதுகாப்பே போய்விட்டதா? இல்லை. சில 'பி' செல்கள் நினைவுச் செல்களாகத் தங்கிவிடும். அவைதான் நம் உடம்பின் ஜக்கார்டு அட்டைகள். அதே கிருமி மறுபடி வந்தால், இந்த முறை தறி வேகமாக ஓடும்.

ஆனால், கிருமி சும்மா இருக்குமா? 2021 கடைசியில் வந்த ஒமைக்ரான், முள்ளின் வடிவத்தையே நிறைய மாற்றிக்கொண்டது. பழைய ஆன்டிபாடியால் அதைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. அதனால் பலருக்கு மறுபடியும் கொரோனா வந்தது. இருந்தாலும், பழைய நினைவு வீண்போகவில்லை. நோய் முற்றிவிடாமல் பலரைக் காப்பாற்றியது.

நோய் வராமலேயே உடம்புக்கு அட்டையைக் கொடுப்பதுதான் தடுப்பூசி. 10 வயதிலும் 16 வயதிலும் போடும் டி.டி. ஊசி, பழைய அட்டையை ஞாபகப்படுத்தத்தான். இனி ஊசி போட வந்தால், பெஞ்சுக்கு அடியில் ஒளிய மாட்டீர்கள்தானே சுட்டீஸ்?