இணையக் கடை: பொதுப் பக்கமும் அவரவர் பக்கமும்



நாம் தாயகத்தில் ஆசிரியராயிருந்த காலத்தில், பயிற்சித்தாளுக்கு ஸ்டென்சில் ஒன்றை ஒருமுறை வெட்டி, றோனியோ இயந்திரத்தில் நூறு பிரதிகள் எடுப்போம். ஒவ்வொரு மாணவனுக்கும் தனித்தனியே எழுதப் புகுந்தால் பாடவேளை போதாது. ஆனால் தேர்ச்சி அறிக்கையை அவ்வாறு பிரதியெடுத்து வழங்குவோமா? அது அவரவர்க்கே உரியதன்றோ! இவ்விரண்டையும் மனத்திற் கொண்டால் இணையக் கடையின் நுட்பமொன்று எளிதில் விளங்கும்.

இணையக் கடையில் ஒரு பொருளின் பக்கத்தை நாம் கேட்கும்போது அது பெரும்பாலும் ஆயத்தமாக இருப்பதில்லை. சேர்வர் எனும் வழங்கிக் கணினி, தரவுத்தளத்திலிருந்து பெயர், விலை, இருப்பு ஆகியவற்றைத் தேடியெடுத்து, பக்கத்தைத் தொகுத்து அனுப்புகின்றது. பண்டிகைக் காலத்தில் ஆயிரம் பேர் அதே பக்கத்தைக் கேட்டால், ஆயிரம் தடவை அதே வேலை, சேர்வர் திணறிவிடும். முதலில் வந்தவருக்காகத் தொகுத்த பக்கத்தின் பிரதியை நினைவகத்தில் வைத்திருந்து, பின்வருவோர்க்கு அதனையே கொடுத்தல் இதற்குப் பரிகாரமாகும். இதுவே ‘கேஷ்’ எனப்படும் பக்கச் சேமிப்பு.

நோர்வே நாட்டின் வி.ஜி. நாளிதழுக்கென டென்மார்க்கைச் சேர்ந்த போல்-ஹென்னிங் காம்ப் வடிவமைத்து, 2006இல் வெளிவந்த ‘வார்னிஷ்’ இத்தகைய மென்பொருளாகும். முன்னர் 12 சேர்வர்கள் செய்த பணியை அங்கு 3 சேர்வர்களே செய்தன.

இதனை அமைப்போர் மூன்று விதிகளை வகுத்தல் வேண்டும்.

முதலாவது, எதனைச் சேமிப்பது என்பது. முகப்பும் பொருட்பக்கங்களும் எல்லோர்க்கும் பொது, சேமிக்கலாம். கூடை, பணம் செலுத்துமிடம், ‘எனது கணக்கு’ ஆகியவற்றைச் சேமித்தலாகாது. உள்நுழைந்தவரை அடையாளங்காட்டும் ‘குக்கி’யுடன் வரும் வேண்டுகோள், சேமிப்பைத் தவிர்த்து நேரே சேர்வரை அடைதல் வேண்டும்.

இரண்டாவது, பிரதியின் ஆயுள். பத்து நிமிடமோ ஒரு மணியோ எனக் கடையின் தேவைக்கேற்ப வரையறுத்தல் வேண்டும்.

மூன்றாவது, விலை மாறினாலோ பொருள் தீர்ந்தாலோ பழைய பிரதியை உடனே நீக்குதல். இன்றேல் வாடிக்கையாளர் நேற்றைய விலையையே காண்பார்.

முதலாவது விதி தவறினால் விளைவது யாது? 2015 டிசம்பர் 25ஆம் நாள், கணினி விளையாட்டுகளை விற்கும் ‘ஸ்டீம்’ கடையைத் தாக்குதல் ஒன்றினால் எழுந்த பெருந்திரளான வேண்டுகோள்கள் சூழ்ந்தன. அதனைச் சமாளிக்க அவசரமாக இடப்பட்ட சேமிப்பு விதிகளுள் ஒன்று பிழையானது. உள்நுழைந்தோரின் சொந்தப் பக்கங்களும் சேமிக்கப்பட்டுப் பிறருக்குக் காட்டப்பட்டன. ஏறத்தாழ 34,000 பேரின் பக்கங்கள் இவ்வாறு வெளிப்பட்டிருக்கக்கூடும் என அறிவிக்கப்பட்டது. முழு அட்டை இலக்கங்கள் வெளிவரவில்லை. எனினும் சிலரது முகவரியும் மின்னஞ்சலும் கொள்வனவு விபரமும் அந்நியர் கண்ணிற் பட்டன. தம் முகவரி அந்நியர் கையிற் கிடைத்தலின் பொருளை, அகதியாய் வந்த பெற்றோர் நன்கறிவர்.

மாணவர்களே! உங்களுட் சிலர் நாளை இத்துறையிற் பணிபுரிவீர்கள். கடையைத் திறக்குமுன், இரு வேறு கணக்குகளில் இரு கணினிகள் வழியே நுழைந்து, ஒருவர் கூடை மற்றவர்க்குத் தெரிகின்றதா எனச் சோதியுங்கள். பயிற்சித்தாள் எல்லோர்க்கும் ஒன்றாகட்டும். தேர்ச்சி அறிக்கை உரியவர் கையை மட்டுமே சேரட்டும்.