கிழட்டு நாய்க்கு வெயில் ஏன் கூசுகிறது?

எல்லவிலிருந்து பதுளைக்குப் போகும் ரயில், தெமோதரையில் ஒரு வட்டம் அடித்து, தான் நின்றுவந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழையும். அடுத்த முறை போகும்போது, சுரங்கத்தை விட்டு வெளிச்சத்துக்கு வந்த அந்த நொடியில் எதிரே இருக்கும் தங்கச்சியின் கண்ணைப் பாருங்கள். நமக்கெல்லாம் கரும்பழுப்புக் கண் என்பதால் கொஞ்சம் கிட்டப் போய்த்தான் பார்க்க வேண்டும். நடுவில் பெரிதாக இருக்கும் கறுப்பு வட்டம் சட்டென்று சுருங்கும்.

அந்த வட்டம்தான் கண்மணி. உண்மையில் அது ஓர் ஓட்டை. அதைச் சுற்றியுள்ள நிறமுள்ள வளையம் கதிராளி. கதிராளிக்குள் இரண்டு தசைகள் உண்டு. ஒன்று, அம்மாயியின் வெற்றிலைச் சுருக்குப்பையில் உள்ள கயிறு மாதிரி ஓட்டையைச் சுற்றி ஓடி, இழுத்துச் சுருக்கும். மற்றது வெளிப்பக்கமாக இழுத்து விரிக்கும். நல்ல வெயிலில் நம் கண்மணி சுமார் 2 மில்லிமீற்றர். இருட்டில் 8 மில்லிமீற்றர் வரைகூட விரியும்.

நாய்க்கும் இதே ஏற்பாடுதான். ஆனால் வயதாக வயதாக, பல நாய்களுக்கு அந்தச் சுருக்கும் தசை மெலிந்து தேய்ந்துவிடுகிறது. இதைக் கதிராளி நலிவு என்கிறார்கள். பூடில், சிவாவா போன்ற சிறிய சாதி நாய்களில் அதிகம். லயத்து வாசலில் படுத்திருக்கும் சாதாரண நாய்க்கும் வரலாம். கண்மணியின் ஓரம் எலி கடித்ததுபோல் நெளியும். பிறகு கதிராளியிலேயே சின்னச் சின்ன ஓட்டைகள் விழும். ஒரே கண்ணில் மூன்று, நான்கு கண்மணி இருப்பதுபோலத் தோன்றும்! கண்மணி சுருங்காததால், மத்தியான வெயிலில் நாய் கண்ணை இடுக்கிக்கொண்டு நிழல் தேடும்.

உடனே “நாய்க்குக் கண் போச்சு” என்று சொல்லிவிடுகிறோம். அது தவறு. பார்ப்பது விழித்திரையின் வேலை; அது நன்றாகவே இருக்கலாம். நாய்க்குக் கண் தெரிகிறதா என்று கண்டுபிடிக்க மிருக வைத்தியர்கள் ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். நாயின் முகத்துக்கு முன்னால் ஓர் உருண்டைப் பஞ்சைக் கீழே போடுவார்கள். பஞ்சு விழுந்தால் சத்தம் வராது, வாசமும் இல்லை. நாயின் தலை அதைத் தொடர்ந்து திரும்பினால், கண் தெரிகிறது என்று அர்த்தம். இதை உங்கள் வீட்டு நாயிடம் செய்து பார்க்கலாம். தெரு நாயிடம் வேண்டவே வேண்டாம், விசர்நாய்க்கடி விளையாட்டல்ல.

மனிதருக்கும் கதிராளி தேயும் நோய் ஒன்று உண்டு. அது மிக அரிது; முதுமையால் வருவதுமல்ல. பெரும்பாலும் நடுவயதுப் பெண்களுக்கு, ஒரு கண்ணில் மட்டும் வரும். கண்ணின் முன்பக்கக் கண்ணாடி போன்ற விழிவெண்படலத்தின் உட்புறக் கலங்கள் தம் இடத்தை விட்டுக் கதிராளி மேல் படர்ந்து, அதை ஒரு பக்கமாக இழுக்கின்றன. கண்மணி இடம் மாறும், கதிராளி கிழியும், கண்ணுக்குள் அழுத்தமும் ஏறும். சிலருக்கு விழிவெண்படலம் வீங்கி மங்கி, இன்னொருவர் தானமாகத் தந்ததைப் பொருத்த வேண்டிவரும். இதில் நம் நாட்டுக்குப் பெரிய பெயர் இருக்கிறது. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம், 1964 முதல் வெளிநாடுகளுக்கும் விழிவெண்படலங்களை அனுப்பி வருகிறது.

நாய்க்கு வருவோம். தேய்ந்த தசையை மீண்டும் வளரவைக்க மருந்து இல்லை. பெரும்பாலும் தேவையும் இல்லை. பகலில் கட்டிப்போடுவதானால் நிழலில் கட்டுங்கள். உலாத்தக் கூட்டிப்போக விடியற்காலையும் பொழுதுசாயும் நேரமும் நல்லது. ஆனால் கண் சிவந்து, நீர் வடிந்து, தொட்டால் நாய் முனகினால் அது வேறு நோய். கண் அழுத்தமாகவும் இருக்கலாம். அப்போது அப்பாவிடம் சொல்லி அன்றைக்கே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.