கல் சொல்லும் சாட்சி

போர்ட்டிக்சன் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் லயங்களில் ஒரு நகையோ சேவலோ காணாமற் போனால், வழக்கு முதலில் போலீசுக்குப் போகாது. முனியாண்டி சன்னதிக்குத்தான் போகும். எரிகின்ற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "நான் எடுக்கவில்லை" என்று சத்தியம் செய்தவரை யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார்கள். பூசாரியார் மீது அருள் இறங்கும் நாள்களில், மகளின் கலியாணம், ஊரிலிருந்து வராத கடிதம், பிள்ளையின் தீராத காய்ச்சல் என ஆளுக்கொரு கவலையுடன் குறி கேட்க நிற்பார்கள்.

இதனைத் தோட்டத்துப் பாமரரின் வழக்கம் என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் உலகம் போற்றும் பண்டைய கிரேக்க நாட்டிலும் இவ்வழக்கம் இருந்தது. அந்நாட்டின் வடமேற்கில் டொடோனா என்றொரு தலம். ஹோமரின் காவியங்களிலேயே பேசப்படும் பழமை உடையது. அங்கே ஸீயஸ் தேவனுக்குரிய ஓக் மரம் ஒன்று நின்றது. அம்மரத்தின் சலசலப்பில் தேவனின் திருவுளத்தை அறிந்து சொன்னார்கள் என்பர். 1875-இல் தொடங்கிய அகழாய்வுகளில், கேள்விகள் கீறப்பட்ட சிறு சிறு ஈயத் தகடுகள் கிடைத்தன. 2013-இல் வெளியான ஒரு தொகுப்பில் மட்டும் 4,200-க்கு மேற்பட்ட வாசகங்கள் உள்ளன. அவற்றுள் மன்னர்களின் கேள்விகளைவிடச் சாதாரண மக்களின் கேள்விகளே மிகுதி. ஒருவர், தம் போர்வைகளையும் தலையணைகளையும் வெளியார் யாரேனும் திருடினார்களா என்று கேட்கிறார். இன்னொருவர், பிறக்கவிருக்கும் குழந்தை தம்முடையதுதானா என்று கேட்கிறார். எங்கள் முனியாண்டி சன்னதியில் நான் கேட்டவையும் இவைபோன்ற கேள்விகளே!

அவ்வளவு தூரம் போவானேன்? நமது நெகிரி செம்பிலானிலேயே, லிங்கி ஆற்றின் அருகே, பெங்காலான் கெம்பாஸ் என்னும் ஊரில் உண்மையைச் சோதிக்கும் கல் ஒன்று நிற்கிறது. மலாய் அன்பர்கள் போற்றும் அகமது மஜ்னுவின் அடக்கத்தலம் அது. அருகே நெடுங்கற்கள் மூன்று உள்ளன. வாள், சுக்கான், அகப்பை என்பன அவற்றின் பெயர்கள். இவை நாளடைவில் வளர்வதாக மக்கள் நம்பியதால், இத்தகைய கற்களை 'உயிருள்ள கற்கள்' என்று பொருள்பட 'பத்து ஹீடுப்' என அழைத்தனர். வாள் கல்லில் 'அல்லாஹ்' என்னும் திருநாமம் செதுக்கப்பட்டுள்ளது. பிரிட்டிஷார் காலத்தில் மலாய் நாட்டு அரும்பொருளகத்தில் பணியாற்றிய ஐவர் எவன்ஸ் இவ்விடத்தில் அகழாய்வு செய்து, 1921-இல் தம் ஆய்வை வெளியிட்டார்.

அடக்கத்தலத்தின் கல்தூணில் வட்டமான துளை ஒன்று உண்டு. அதனுள் கையை நுழைத்துப் பொய் சொன்னால், துளை இறுகிக் கையைப் பிடித்துக்கொள்ளும் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. கையில் சூடம் ஏந்துவதும் கல்லில் கை நுழைப்பதும் வேறு வேறு சமயத்தவரின் வழக்கங்கள் ஆயினும், தெய்வத்தின் முன் பொய் நில்லாது என்ற உறுதி ஒன்றே.

அக்கல்லில் நமக்கு மேலும் ஒரு செய்தி உள்ளது. அதில் ஒரு புறம் ஜாவி எழுத்து. மற்றொரு புறம் பல்லவர் எழுத்தின் வழிவந்த காவி எழுத்து. மலாக்காவை சுல்தான் மன்சூர் ஷா ஆண்ட காலத்தது அது. நமது பஞ்சாங்கங்களில் காணப்படும் சக ஆண்டுக் கணக்கும் ஹிஜ்ரி 872 என்ற ஆண்டும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. ஹிஜ்ரி 872 என்பது கி.பி. 1467-68 ஆகும். ஐந்நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும் அத்தலத்தின் காலத்தை நாம் அறிய முடிவதற்குக் காரணம், அன்று ஒருவர் உளியெடுத்து ஆண்டைச் செதுக்கி வைத்ததே!

இதனை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கும். எங்கள் தோட்டம் விற்கப்பட்டபோது, "இந்தக் கோயில் எத்தனை வருடத்துக் கோயில்? ஆதாரம் உண்டா?" என்று கேட்டார்கள். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "என் தாத்தா காலத்திலிருந்து" என்பதற்கு மேல் எங்களிடம் விடையில்லை. இறுதியில் ஒரு பழைய குத்துவிளக்கைத் துலக்கியபோது அதன் அடியில் எழுத்து தெரிந்தது. பால்மரம் வெட்டிய ஓர் அம்மாளின் பெயர், 'உபயம்' என்ற சொல், போருக்கு முந்தைய ஓர் ஆண்டு. அதுவே எங்கள் கோயிலின் ஒரே சாசனம். அந்த அம்மாள் புகழுக்காகப் பெயர் பொறிக்கவில்லை. ஆனால் அவர் பொறித்ததுதான் எங்களுக்காகச் சாட்சி சொன்னது. கோயிலுக்கு மாற்றிடமும் கிடைத்தது.

ஆகவே, பக்தப் பெருமக்களுக்கும் கொடையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் அளிக்கும் மணியிலும் விளக்கிலும் பெயருடன் ஆண்டையும் இடத்தையும் தவறாமல் பொறியுங்கள். தோட்டத்துக் கோயிலைத் தொடங்கிய முன்னோர் யார், முதல் திருவிழா எப்போது என்பவற்றை, தெரிந்த முதியோர் நம்மிடையே உள்ளபோதே கேட்டு எழுதி வையுங்கள். பழைய புகைப்படங்களையும் வரவு செலவு நோட்டுகளையும் எறியாதீர்கள். தெய்வத்திடம் குறி கேட்டு வாழ்ந்தவர்கள் நாம். நாளை நம் சந்ததியார் நம்மிடம் கேட்கும் கேள்விக்கு நாமல்லவா விடை எழுதி வைக்க வேண்டும்!