கையொப்பம் மீளும் வழி

பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்த வாடிக்கையாளர்களை எங்கள் கிளைகளில் அவ்வப்போது காண்கிறோம். கையொப்பம் மாறியதால் காசோலை திரும்புகிறது. மனம் தளர்ந்து, கணக்கையே பிள்ளைகளின் பொறுப்பில் விட்டுவிடுகின்றனர். அதற்குள் அவசரம் வேண்டாம் என்போம்.

இயன்முறை மருத்துவம் தசைகளுக்கு வலுவூட்டுகிறது. ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் செயல்முறைச் சிகிச்சையோ, எஞ்சியுள்ள வலுவைக் கொண்டு அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்றுகிறது. இந்தியாவில் இதற்கான முதல் பயிற்சிப் பள்ளியை, 1950ஆம் ஆண்டில் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் தொடங்கினார்.

சட்டை அணிவதையே எடுத்துக்கொள்வோம். பாதிக்கப்பட்ட கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதையே கடைசியாக விடுவிக்க வேண்டும். இந்த ஒழுங்கு பழகிவிட்டால் பலர் தாமாகவே உடுத்திக்கொள்கின்றனர். கரண்டி, பேனா ஆகியவற்றின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினால் தளர்ந்த விரல்களுக்கும் பிடிமானம் கிட்டும். தட்டு நழுவாதிருக்க அடியில் ரப்பர் விரிப்பு போதும், செலவு சொற்பமே. பெரும்பாலும் தடையாவது வீட்டாரின் அன்புதான்! நேரமானாலும் அவரே உண்ணட்டும், ஊட்டிவிட வேண்டாம்.

இடக்கையால் எழுதவும் பழகலாம். புதிய கையொப்பம் நிலைபெற்றதும், கிளையில் மாதிரிக் கையொப்பத்தை மாற்றிக்கொள்ளலாம். அதுவரை கைவிரல் அல்லது கால்விரல் ரேகையைப் பதித்துப் பணம் பெற ரிசர்வ் வங்கி வழிசெய்துள்ளது. வங்கி அறிந்த இரு சாட்சிகள் அதனை அடையாளம் காட்ட வேண்டும். அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருத்தல் வேண்டும். எழுபது வயதைக் கடந்தோரும் நடமாட இயலாத மாற்றுத்திறனாளிகளும் இல்லம் தேடி வரும் வங்கிச் சேவை குறித்துத் தம் கிளையில் கேட்டறியலாம்.